டிக் (TIG) வெல்டிங் மெஷினை மாற்றலாமா, வேண்டாமா?

புது மெஷின் விலையை விசாரிக்கும் முன், கோளாறு பழைய மெஷினில்தானா என்று பாருங்கள். பீட், அதாவது பற்றவைத்த கோடு, கறுத்துப் புள்ளி புள்ளியாக வந்தால் ஆர்கான் வாயு ஹோஸ் கசிவு, எர்த் கிளாம்ப், டங்ஸ்டன் ஊசியைத் தீட்டிய விதம் இவற்றில்தான் பெரும்பாலும் வினை இருக்கும். எல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற சமாச்சாரம்.

அப்புறம், என்ன வேலை வருகிறது? எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடியும் பைப்பும் மட்டும் என்றால் டிசி (ஒரே திசை மின்சாரம்) மெஷினே போதும். மில்லிமீட்டருக்குச் சுமார் 40 ஆம்பியர் என்று கணக்கு வைத்தால் 3 மி.மீ. தகடு 120 ஆம்பியரில் முடிந்துவிடும், இதற்கு 300 ஆம்பியர் மெஷின் வெறும் ஜம்பம். அலுமினியம் வர ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அதன் மேலுள்ள ஆக்சைடு தோல் 2000 டிகிரி தாண்டினால்தான் உருகும், அதை உடைத்துத் தள்ள ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) வேண்டும், சாதாரண டிசி மெஷினோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அப்போது யோசிக்காமல் ஏசி/டிசி மெஷினுக்கு மாறுங்கள்.

1 மி.மீ. தகட்டில் அடிக்கடி ஓட்டை விழுகிறதா? பல்ஸும் (மின்சாரத்தை ஏற்றி இறக்கி விடும் வசதி) ஆம்பியரைக் காலால் கூட்டிக் குறைக்கும் பெடலும் உள்ளதாகத் தேடுங்கள்.

டியூட்டி சைக்கிளில், அதாவது மெஷின் விடாமல் ஓடக்கூடிய நேரக் கணக்கில், ஏமாறாதீர்கள். 200 ஆம்பியரில் 60% என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம்தான் ஓட்டலாம், அதுவும் எத்தனை டிகிரி வெயிலுக்குச் சொன்ன கணக்கு என்று கேளுங்கள், சித்திரை மாதத்துத் தகர ஷெட் சும்மா இருக்காது.

கடைக்கு உங்கள் தகட்டையே எடுத்துப்போய் ஓட்டிப் பாருங்கள். மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளாகும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.