புராண அயர்லாந்தைப் பல பேர் சேர்ந்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது. அதற்கு சோர்ஸ்புக், அதாவது ஆட்டம் நடக்கும் களத்தை விவரிக்கும் கையேடு, எழுதுவதும் கதை எழுதுவதும் வேறு வேறு வேலை. சோர்ஸ்புக்கை வாசிக்கிறவர் கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் நாலு நண்பர்கள் பகடையோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் அவர் கையில் ஓர் ஊர், ஒரு பகை, எளிதில் அவிழாத ஒரு சிக்கல் இருக்க வேண்டும். புராண கால அயர்லாந்தில் இதெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த களம் அது.

நான் இருந்த ஒரு குழுவில் ஆறு பேர் ஆளுக்கோர் அத்தியாயம் எடுத்துக்கொண்டோம். எட்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துப் படித்தோம். ஒருவர் அத்தியாயத்தில் அரசி தேரில் வந்தாள். இன்னொருவர் அத்தியாயத்தில் அதே அரசி கற்கோட்டையில் இருந்து பொற்காசு அள்ளிக் கொடுத்தாள். மூன்றாமவர் அத்தியாயத்தில் அவள் பெயரே வேறாக இருந்தது. பாதிப் புத்தகத்தைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. யாரும் சோம்பேறியாக இருக்கவில்லை, எல்லோரும் நிறையப் படித்தவர்கள். உட்கார்ந்து பேச வேண்டியதை முதலில் பேசவில்லை, அவ்வளவுதான்.

எந்த அயர்லாந்து என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

பழைய ஐரிஷ் கதைகளை அறிஞர்கள் நாலு தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். டூஹா டே டானன் என்னும் தெய்வக் குலமும் அவர்களுடைய எதிரிகளான ஃபோமோரியர்களும் மோதுவது ஒன்று. வீரன் கூ ஹுலினும் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் வீரர்களும் மேற்கு மாகாணமான கொனாக்டின் அரசி மேவும் வருவது இன்னொன்று. ஃபின் மக்கூலும் அவருடைய ஃபியானா கூட்டமும் மூன்றாவது. அரசர்களின் கதைகள் நாலாவது. மரபுக் கணக்குப்படி அல்ஸ்டர் கதைகள் ஏசுவின் காலத்தை ஒட்டியவை. ஏசு சிலுவையில் அறையப்பட்ட செய்தி கேட்டு அல்ஸ்டர் அரசன் கொன்ஹொவர் இறந்தான் என்றே ஒரு கதை உண்டு. ஃபின் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது கோர்மக் மக் ஆர்ட் என்ற அரசன் ஆண்ட மூன்றாம் நூற்றாண்டு. அல்ஸ்டர் வீரன் தேரில் நின்று ஒற்றைக்கு ஒற்றை சண்டை போடுகிறவன். ஃபியானாக்காரன் காட்டில் வேட்டையாடி, கூட்டமாக, நடந்தே திரிகிறவன். இரண்டு பேரையும் ஒரே அரசவையில் உட்கார வைத்தால் இரண்டின் சுவையும் போய்விடும்.

இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. இந்தக் கதைகளை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். பழுப்புப் பசுவின் நூல் என்று அழைக்கப்படும் கையெழுத்துப் பிரதி 1100-ஐ ஒட்டி குளோன்மக்னோய்ஸ் மடாலயத்தில் உருவானது. ஆகவே அரசன் மண்டபத்தில் துறவி ஒருவர் உட்கார்ந்திருக்கலாமா, கூடாதா? ஃபியானா வீரன் கீல்ச்சா முதுமையில் புனித பேட்ரிக்கைச் சந்தித்துப் பழைய கதை சொல்லும் நூலும் இருக்கிறதே. இருக்கலாம் என்பதும் நல்ல பதில், கூடாது என்பதும் நல்ல பதில். ஆனால் ஆறு பேரும் ஒரே பதிலை வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு பக்கம் போதும். தேர் உண்டா? மடாலயம் உண்டா? வைக்கிங்குகள் வந்தாயிற்றா? டூஹா டே டானன் இன்னும் தரையில் ஆளுகிறார்களா, தோற்று மண்மேடுகளுக்குள் போய்விட்டார்களா? இதற்கெல்லாம் பதில் எழுதி எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு அத்தியாயத்தைப் பிரியுங்கள். வரைபடம் போடுகிறவருக்கும் அந்தப் பக்கம் போக வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய மாவட்ட எல்லைகளை வைத்தே வரைந்துவிடுவார். அவை நார்மன், ஆங்கிலேய ஆட்சியில் வந்தவை, கடைசியாக விக்லோ 1606-ல்தான் பிரிந்தது. கதைகளின் அயர்லாந்தோ ஐந்து மாகாணங்களாகப் பிரிந்தது, பழைய ஐரிஷில் மாகாணத்துக்கான சொல்லின் பொருளே ‘ஐந்தில் ஒன்று’.

கையில் கிடைத்த ஃபேன்டசி சாமான்களை அடுக்குவது

சாகசம் காசு வாங்கும் சத்திரத்தில் தொடங்கும், கூலி பொற்காசில் வரும், பாணன் யாழோடு ஓரமாக நின்று வீரர்களுக்குத் தெம்பூட்டுவான். மூன்றுமே இந்த மண்ணில் ஒட்டாது.

அயர்லாந்தில் நாணயம் முதன்முதலில் அச்சானது 997-ஐ ஒட்டி, டப்ளினில், சிட்ரிக் என்ற நார்ஸ் அரசன் காலத்தில். அதற்கு முன் செல்வம் என்றால் மாடு. கதைகளில் மிகப் பெரிய போரே ஒரு காளைக்காக நடக்கிறது. ஆநிரை கவர்தல் என்று சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடும், வெட்சித் திணை படித்தவர்கள் நாம். சட்ட நூல்களில் பெரிய கணக்கெல்லாம் ‘குமல்’ என்ற அலகில் வரும். அந்தச் சொல்லுக்கு அடிமைப் பெண் என்று பொருள். இதை எப்படிக் கையாள்வது என்று குழு சேர்ந்து பேச வேண்டும். ஒருவர் மறைத்து, இன்னொருவர் விவரித்து, மூன்றாமவர் கறவை மாட்டுக் கணக்காக மாற்றி எழுதினால் வாசகருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் ஒரு மான விலை இருந்தது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘முகத்தின் விலை’. அவமதித்தால் அந்த விலையைக் கட்ட வேண்டும். இதைப் பின்னிணைப்பில் தள்ளாதீர்கள். ஆடுகிறவர் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதி வைக்கும் கேரக்டர் ஷீட்டில் உயிர்ப் புள்ளிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், அந்த அளவுக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் புலவர்கள். சட்டத்தில் ஃபிலி என்பவர் பாணனைவிட உயர்ந்தவர். அவர்களில் உச்சப் படியான ஒல்லவின் மான விலை ஒரு சிற்றரசனின் மான விலைக்குச் சமம். அவர் வசை பாடினால் முகத்தில் கொப்புளம் எழும் என்று நம்பினார்கள். கேர்ப்ரே என்ற புலவர் அரசன் பிரெஸ்ஸின் வீட்டுக்குப் போகிறார். நெருப்பில்லாத இருட்டு அறை, ஒரு சின்னத் தட்டில் மூன்று காய்ந்த ரொட்டி. மறுநாள் எழுந்து அவர் பாடிய பாட்டுத்தான் அயர்லாந்தின் முதல் வசை. அன்றிலிருந்து பிரெஸ்ஸின் ஆட்சி சரிந்தது. நம் ஊரில் அறம் பாடுதல் என்று சொல்வோமே, அதே அச்சம். இப்படிப்பட்டவரை ‘தாக்குதலுக்கு +1’ தருகிற துணை ஆளாக எழுதினால் களமே செத்துவிடும்.

கெஷ்ஷை வெறும் அபராதமாக எழுதுவது

நான் பார்த்த வரைவுகளில் மனதை மிகவும் வருத்திய தவறு இது. கெஷ் என்பது ஒருவர் மேல் விழுந்திருக்கும் தடை. இன்னது செய்யக்கூடாது, செய்தால் அழிவு. பெரும்பாலான வரைவுகளில் இது எப்படி வருகிறது? ‘கெஷ்: வெள்ளைக் குதிரையில் ஏறக்கூடாது. மீறினால் எல்லாப் பகடைக்கும் இரண்டு குறையும்.’ ப்ளேயர் வெள்ளைக் குதிரையில் ஏறவே மாட்டார். விஷயம் அங்கேயே முடிந்தது.

கதைகளில் கெஷ் ஒற்றையாக வேலை செய்வதில்லை. கூ ஹுலின் என்றால் குலனின் நாய் என்று பொருள். நாய்க்கறி அவனுக்கு விலக்கு. அடுப்பில் சமையல் ஆகும் இடத்தைச் சாப்பிடாமல் கடந்து போவதும் விலக்கு. கடைசிப் போருக்குப் போகிற வழியில் ஒற்றைக் கண் கிழவிகள் மூன்று பேர் நாய்க்கறி சுட்டுக்கொண்டு, வா, சாப்பிடு என்கிறார்கள். சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். இடது கையால் வாங்கித் தின்று, மிச்சத்தை இடது தொடைக்குக் கீழே வைக்கிறான். அந்தக் கையும் தொடையும் வலுவிழக்கின்றன.

அரசன் கொனரேயின் கதை இதைவிடக் கூர்மை. அவனுக்கு ஒரு பட்டியல் அளவுக்குத் தடைகள். சிவப்பன் வீட்டுக்குப் போகும்போது மூன்று சிவப்பர்கள் முன்னால் போகக்கூடாது. சூரியன் மறைந்த பின் தனியாக வரும் பெண்ணையோ ஆணையோ வீட்டுக்குள் விடக்கூடாது. தன் ஆட்கள் இருவர் சண்டையைத் தீர்த்து வைக்கக்கூடாது. முதலில் அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிறான், நல்ல எண்ணத்தில்தான். அப்புறம் பாதையில் மூன்று செந்நிறக் குதிரைவீரர்கள் முன்னால் போகிறார்கள், கூப்பிட்டாலும் நிற்கவில்லை. போகிற இடம் டா டெர்காவின் விருந்தகம், டெர்கா என்றாலே சிவப்பு. இருட்டிய பின் வாசலில் தனியாக ஒரு பெண் வந்து நிற்கிறாள். உள்ளே விட்டால் கெஷ் உடையும், விடாவிட்டால் அரசன் ஒருத்திக்கு இடம் தரவில்லை என்ற பழி வரும்.

அந்த வாசல்தான் விளையாட்டு மேசையில் நடக்க வேண்டிய காட்சி. ஆகவே கெஷ்களை இரட்டையாக எழுதுங்கள், ஒன்று இன்னொன்றோடு மோதும்படி. இதில் குழு வேலையும் இருக்கிறது. கேரக்டர் அத்தியாயம் எழுதுகிறவர் ஒரு கெஷ் கொடுத்தால், ஊர்களை எழுதுகிறவர் அது உடையக்கூடிய ஒரு விருந்தைத் தன் பக்கத்தில் வைக்க வேண்டும். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் அந்தக் கெஷ் ஷீட்டில் மையாகவே கிடக்கும்.

பெயர்களும் கலப்படமும்

ஒரே அரசியை மெதப் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரியும் எழுதலாம், மேவ் என்று ஒலிக்கிற மாதிரியும் எழுதலாம். பழைய ஐரிஷ், இன்றைய ஐரிஷ், ஆங்கிலமாக்கிய வடிவம் என்று மூன்று வழி உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். பொதுவான பெயர்ப் பட்டியல் ஒன்றைத் திறந்து வைத்து, புதுப் பெயர் எழுதுகிற யாரும் அங்கே முதலில் சேர்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். உச்சரிப்பும் பக்கத்திலேயே இருக்கட்டும். கேம் மாஸ்டர் சவின் என்ற பண்டிகையை வாய்விட்டுச் சொல்லத் தயங்கினால் அந்தப் பண்டிகை மேசைக்கே வராது.

ஐரிஷும் அதில் ஒன்றான பழைய ஐரோப்பிய மொழிக் குடும்பம் கெல்டிக். அதற்காக ‘கெல்டிக்’ என்று பெயர் போட்டதையெல்லாம் உள்ளே இழுக்காதீர்கள். கொம்பு வைத்த கெர்னுன்னோஸ் இன்றைய பிரான்ஸ் இருக்கும் ‘கால்’ (Gaul) நாட்டுத் தெய்வம், அவன் பெயர் பொறித்த கல் கிடைத்தது பாரிஸில். பழைய கெல்டியப் பூசாரிகளான ட்ரூயிட்களுடையது என்று சொல்லப்படும் மர நாள்காட்டி 1940-களில் ஒரு ஆங்கிலக் கவிஞர் உருவாக்கியது. உங்களுக்குப் பிடித்திருந்தால் சேருங்கள். ஆனால் பழைய மரபு என்று எழுதிவிடாதீர்கள்.

உரிமை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கதைகள் பழையவை, மொழிபெயர்ப்புகள் பழையவை இல்லை. மொழிபெயர்த்தவர் இறந்து அயர்லாந்திலும் பிரிட்டனிலும் 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. வரிகளை அப்படியே எடுக்காதீர்கள். விளையாட்டு விதிகளுக்கும் உரிமம் பாருங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபலமான கேமின் 5.1 விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்துக்கு வந்தது, உரியவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். யார் எழுதியது யாருக்குச் சொந்தம், நடுவில் ஒருவர் விலகினால் அவர் அத்தியாயம் என்ன ஆகும் என்பதை முதல் வாரமே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விடுவதால்தான் நட்பு முறிகிறது.

கடைசியில் காட்டுவது

ப்ளேடெஸ்ட்டை, அதாவது சோதனை ஆட்டத்தை, கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் அத்தியாயம் முடிந்ததுமே, எழுதாத ஒருவர் கையில் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே போல ஐரிஷ் பேசுகிற ஒருவரும் தொடக்கத்திலேயே வேண்டும். அது இன்றும் வீடுகளில் பேசுகிற மொழி. மேவின் தலைநகரம் என்று சொல்லப்படும் ராத்க்ரோகன் இன்றும் ரோஸ்காமன் மாவட்டத்தில் புல்மேடாக இருக்கிறது, போர்த் தெய்வமான மோரிகன் வெளிவருவதாகச் சொல்லப்படும் அங்குள்ள குகைக்குள் இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் எடுத்த ஐரிஷ் வாக்கியத்தை அட்டையில் போட்டால் அந்த ஊர்க்காரர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். வாசித்துத் திருத்தித் தருகிறவருக்கு எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கும் அதே விகிதத்தில் பணம் கொடுங்கள், பெயரையும் எழுத்தாளர்கள் வரிசையிலேயே போடுங்கள்.