கதவைச் சாத்தினால் புழுங்கும் ஆபீஸ் அறை: ரிட்டர்ன் காற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சென்ட்ரல் ஏசி உள்ள பல வீடுகளில் அறைக்கு அறை குளிர்ந்த காற்று வரும் துவாரம் (சப்ளை வென்ட்) உண்டு. காற்று திரும்பிப் போகும் ரிட்டர்ன் மட்டும் ஹாலில் ஒன்றே ஒன்று. மீட்டிங்குக்காக ஆபீஸ் அறைக் கதவைச் சாத்தியதும் தொல்லை ஆரம்பம். உள்ளே வந்த காற்று வெளியேற வழியின்றி அறையில் அழுத்தம் ஏறும். வென்ட்டில் வரும் காற்று குறையும். ஹாலிலோ அழுத்தம் இறங்கி, வெளியே உள்ள வெக்கையும் ஈரமும் சந்துபொந்து வழியாக வீட்டுக்குள் நுழையும். வீட்டுக்குள் பழைய மாதிரி கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் புகையே திரும்பி வரலாம். அது விளையாட்டான விஷயம் இல்லை.

இதற்குப் பலர் தெர்மோஸ்டாட்டை இன்னும் குறைத்து வைக்கிறார்கள். ஆபீஸ் புழுக்கம் அப்படியே இருக்க, மற்ற அறைகளில் இருப்பவர்கள் போர்வை தேடுவார்கள். மற்ற வென்ட்களை மூடி இந்தப் பக்கம் காற்றைத் தள்ளப் பார்ப்பதும் வேண்டாம். காற்றுக் குழாயில் (டக்ட்) அழுத்தம் கூடி, கசிவுதான் அதிகமாகும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஏசி ஓடும்போது கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி, அங்கே ஒரு டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். ஹால் பக்கம் வேகமாகப் பறந்தால் ரிட்டர்ன் வழிதான் குறை. அசையவே இல்லையா? சப்ளை டக்ட்டே பரணில் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம்) மடங்கிக் கிடக்கலாம். ரிட்டர்னுக்குச் செலவு செய்வது வீண்.

“கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதே” என்பார்கள். கணக்குப் போடுவோம். 30 அங்குலக் கதவில் முக்கால் அங்குல இடைவெளி விட்டால் 22 சதுர அங்குலம் சொச்சம். கார்ப்பெட் இருந்தால் அதுவும் குறையும். ஃபுளோரிடா கட்டட விதியோ நிமிடத்துக்கு 100 கன அடி காற்று வரும் அறைக்குச் சுவரில் கிரில் (காற்று போகும் தட்டி) வைத்தால் 50 சதுர அங்குலக் கிரில் பரப்பு கேட்கிறது.

சரி, சுவரில் நேருக்கு நேர் கிரில் வைக்கலாமா? வைத்தால் குக்கர் விசில் மீட்டிங்கில் கேட்கும். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே என்று சுவருக்குள் நிற்கும் இரு கட்டைகளுக்கு (ஸ்டட்) நடுவே உள்ள ஒரே இடைவெளிக்குள் வையுங்கள். அந்த இடைவெளியில் ஒயரோ குறுக்குக் கட்டையோ இல்லை என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். பரண் வழியாக ஆபீஸ் சீலிங்கையும் ஹால் சீலிங்கையும் இணைக்கும் ஜம்பர் டக்ட் இதைவிட நல்லது: வளைந்து போவதால் பேச்சு அவ்வளவாகக் கடக்காது. 8 அங்குல விட்டக் குழாயே அந்த 50 சதுர அங்குலக் கணக்குக்கு வந்துவிடும். 10 போட்டால் வளைவில் இழப்பதையும் ஈடுகட்டும். பரண் வெக்கையில் போவதால் இன்சுலேஷன் கட்டாயம். இந்தக் கிரில்லில் ஃபில்டர் மாட்டாதீர்கள். அதைத் தாண்டித் தள்ளும் அளவுக்கு அங்கே அழுத்தம் கிடையாது.

அப்புறம், ரிட்டர்ன் சரியானதும் புதுக் காற்று வருவதாக நினைத்துவிட வேண்டாம். சுற்றுவது வீட்டுக்குள் இருக்கும் அதே காற்றுதான். மதியம் தலை கனத்தால் ஜன்னலைத்தான் திறக்க வேண்டும்.