ஹீட் பம்புக்கு அடியில் கட்டிய ஐஸ்
ஓஸ்லோவில் எங்கள் வீட்டு ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) போன ஜனவரியில் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய ஈரமான நாட்களில்தான் வெளி யூனிட்டில் உறைபனி அதிகம் பிடிக்கும், அதை உருக்க மெஷின் கொஞ்ச நேரம் கோடையில் ஏசி ஓடுகிற மாதிரி தலைகீழாக ஓடி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே அனுப்பும். உருகிய தண்ணீர் வடிய வழியில்லாமல் அடித்தட்டிலேயே கட்டியாகி ஃபேனில் உரசியிருக்கிறது. பொருத்தியவர் யூனிட்டைத் தரையை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார், என்னத்தைச் சொல்ல!

மெஷினை அணைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உருக்கினேன் (சுத்தியலால் தட்டாதீர்கள், உள்ளே கேஸ் ஓடும் குழாயில் ஓட்டையானால் கேஸ் போய்விடும்). அப்புறம் வேறொரு டெக்னீஷியனை வைத்து உயரமான ஸ்டாண்டில் ஏற்றி, அடித்தட்டில் சூடாக்கும் கேபிளும் போட்டோம். கேபிளுக்குத் தெர்மோஸ்டாட் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வெயிலிலும் கரண்டைத் தின்னும்.