ஆர்க்கியாலஜி: ஒரு சொல்லில் நான் திருத்திக்கொண்ட அழுத்தம்

2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பின், மதுரைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளை அங்கே அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக இருக்கிறேன். தொல்லியலைக் குறிக்கும் ‘ஆர்க்கியாலஜி’ (archaeology) என்ற ஆங்கிலச் சொல்லை நான் சொல்லும்போதெல்லாம் அவர்கள் மறுபடி கேட்டார்கள். முதல் அசையை அழுத்திவிட்டு மற்றவற்றை ஒரே சீராகச் சொன்னதே என் பிழை என்பதை அகராதியில் ஒலிக்குறிப்பைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

அச்சொல்லில் ஐந்து அசைகள் உள்ளன: ஆர், கி, ஆ, ல, ஜி. மூன்றாவதான ‘ஆ’வை உரக்கவும் சற்று நீட்டியும் சொல்லி, அடுத்து வரும் ‘ல’வை ஏறக்குறைய விழுங்கிவிட வேண்டும். நம் யாப்பில் ‘லஜி’ நிரையசை, அதாவது ஒரே அசை. ஆங்கிலத்திலோ அது இரண்டு. என் கணக்கு முதலில் தவறியதும் இங்கேதான்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தபோது மனம் மலர்ந்தது. பழமை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லும் ஆய்வுத் துறையைக் குறிக்கும் ‘லஜி’ என்ற ஈறும் சேர்ந்தது அது. நம்முடைய தொல்லியலும் தொல், இயல் என்று அவ்வாறே பிரிகிறது. கிரேக்க வழி வந்ததால்தான் வழக்கமாக ‘ச்’ ஒலிக்குரிய ‘ch’ எழுத்துகள் அங்கே ‘க்’ என்று ஒலிக்கின்றன.

‘ஆர்க்கியாலஜிஸ்ட்’ என்றாலும் அழுத்தம் மூன்றாம் அசையிலேயே நிற்கும். ‘ஆர்க்கியலாஜிகல்’ என்றால் நான்காவதான ‘லா’வுக்கு நகர்ந்துவிடும். பயாலஜி, ஜியாலஜி ஆகியவற்றையும் இதே முறையில், ‘லஜி’க்கு முந்தைய அசையை அழுத்தி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். இப்போது பயணிகள் என்னை மறுபடி கேட்பதில்லை.