சென்னையா பெங்களூருவா: டீக்கடை வாதம் சண்டையாகாமல் நடத்த

ஐபிஎல் கிரிக்கெட் ஆட்டம் முடிந்த இரவிலேயே வாதத்தைத் தொடங்காதீர்கள். தோற்றவர் காதில் எதுவும் ஏறாது. மறுநாள் காலை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரு அணியையும் சாராத ஒருவரை நடுவராக உட்கார வையுங்கள். ஊரில் கபடி ஆடிய பெரியவர் என்றால் இன்னும் நல்லது. கோட்டைத் தொட்டானா இல்லையா என்ற தகராறெல்லாம் அவருக்குப் பழக்கம். ஆளுக்கு இரண்டு நிமிடம். மறுப்பவர், எதிராளி சொன்னதை முதலில் தன் வாயால் சொல்ல வேண்டும். “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. பாதிச் சண்டை இதிலேயே அடங்கிவிடும்.

கோப்பைக் கணக்கை அட்டையில் எழுதி மாட்டுங்கள். 2025 வரை சென்னைக்கு ஐந்து: 2010, 2011, 2018, 2021, 2023. பெங்களூருவுக்கு ஒன்று: 2025.

டெல்டாவில் பெரிய ஆபத்து காவிரிதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்ற கவலை ஏப்ரல், மே மாதத்திலேயே பிடித்துக்கொள்ளும், ஐபிஎல்லும் அப்போதுதான். பெங்களூரு சட்டை போட்ட பையனிடம் “தண்ணி தராதவன் ஆளுதானே நீ” என்று யாராவது ஆரம்பிப்பார். அவன் வீட்டு வயலுக்கும் அதே வாய்க்கால் தண்ணீர்தான். 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னையின் ஆட்டங்கள் புனேவுக்குப் போனதைப் பேசலாம், அது நடந்த செய்தி. தண்ணீரைச் சொல்லி ஆளைக் குத்தினால் அன்று அவருக்குப் பேச்சு கிடையாது. சாதி, வீட்டுப் பெண்கள் என்று இழுத்தாலும் இதே விதி. நண்பன் என்று நடுவர் ஒருமுறை விட்டுவிட்டால், மறுவாரம் அவர் பேச்சை யாரும் மதிக்கமாட்டார்கள்.

பந்தயப் பணம் கூடவே கூடாது. ஐம்பது ரூபாய் கட்டியவர்கூட ஆட்டத்தைப் பேசமாட்டார், பணத்தைத்தான் பேசுவார்.