விருந்தினர் வரும்போது வீட்டு உடை

அழைப்பு மணி ஒலித்ததும் நைட்டியின் மேல் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ போட்டுக்கொண்டு கதவைத் திறப்பது நம் வீடுகளில் நிலைத்துவிட்ட வழக்கம். சொல்லாமல் வரும் பக்கத்து வீட்டாருக்கும் கூரியர் கொண்டுவருபவருக்கும் அது போதும். ஆனால் நாள் குறித்து நாமே அழைத்தவர்கள் நம் வீட்டுக்கென உடுத்திக்கொண்டு வருகிறார்கள். ஆகவே அவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே சமையலை முடித்து, எண்ணெயும் மஞ்சளும் பட்ட உடையை மாற்றிவிட வேண்டும். பட்டுப்புடவை தேவையில்லை, இஸ்திரி போட்ட பருத்திச் சேலையோ சுடிதாரோ போதுமானது.

கைலி கட்டியிருக்கும் ஆண்கள், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியதைப் பெரியவர்களைக் கண்டவுடன் இறக்கிவிட வேண்டும். வெற்று மேலோடு வரவேற்பது எனக்கு உடன்பாடில்லை. சட்டை மாட்டிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரவு தங்க வந்தவரிடம், “கைலி தரட்டுமா மாமா, மாற்றிக்கொள்கிறீர்களா?” என்று கேட்டு, துவைத்து மடித்த கைலியைத் துண்டோடு கையில் கொடுங்கள். அவர் மாற்றிக்கொண்ட பின்னர் வீட்டாரும் தயக்கமின்றிப் பைஜாமாவுக்கோ நைட்டிக்கோ மாறலாம்.

துக்கச் செய்தியோடு வந்தவரை மட்டும், உடை மாற்றுவதற்காக வாசலில் காக்க வைக்கக் கூடாது.