பிரிட்டனுக்குப் பிள்ளைகளோடு வந்திருப்பவர்களுக்கு: நெஞ்சின் வடிவமும் மூச்சின் அளவும்

பிரிட்டனில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குதிகாலில் இரத்தம் எடுத்து, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கும் சோதனை செய்கிறார்கள். சளியைக் கெட்டியாக்கி நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய் இது. 2007 முதல் நாடு முழுவதும் இந்தச் சோதனை நடைமுறையில் உள்ளது. ஊரில் பிறந்த உங்கள் பிள்ளைக்கு இந்தச் சோதனை நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஓயாத சளி இருமல், நன்றாகச் சாப்பிட்டும் ஏறாத எடை, எண்ணெய்ப் பிசுக்கான மலம், முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் தோல் ஆகியவை இருந்தால், நோயின் பெயரைச் சொல்லியே ஜி.பி.யிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள். நம்மவரிடம் அரிது என்றாலும் இல்லாத நோய் அல்ல. வியர்வையில் உள்ள உப்பை அளக்கும் சோதனைக்கு அனுப்புவார்கள். அதில் வலி கிடையாது.

நெஞ்சையும் பாருங்கள். கெட்டிச் சளி சிறு மூச்சுக் குழாய்களை அடைக்கும்போது, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறுவதில்லை. நுரையீரல் எப்போதும் உப்பியே இருக்கும், விலா எலும்புகள் கிடையாக உயரும், நுரையீரலுக்குக் கீழுள்ள உதரவிதானத் தசை தட்டையாகும். நெஞ்சு பீப்பாய்போல் உருண்டு, மேல்முதுகு கூனத் தொடங்கும். உறவினர்கள் இதைத் திடமான நெஞ்சு என்று பாராட்டக்கூடும். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள். கட்டுப்படாத ஆஸ்துமாவிலும் இந்த வடிவம் வரும் என்பதால், வடிவத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

நோய் உறுதியானால், ஐந்தாறு வயதிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனை இருக்கும். ஆழமாக மூச்சிழுத்து வேகமாக ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்றை வயது, பாலினம், உயரத்துக்கு உரிய அளவோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வார்கள். முதுகு வளைந்தவருக்கு உயரம் குறைவாகப் பதிவாகும்; அதனால் எதிர்பார்க்கும் அளவும் குறைந்து, சதவீதம் உண்மையைவிட நன்றாகத் தெரியும். பிள்ளையின் முதுகு வளைந்திருந்தால், உயரத்துக்குப் பதில் விரித்த கைகளின் நீளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்களா என்று கேளுங்கள். ஒருநாள் எண்ணைவிட மாதக்கணக்கில் அது போகும் போக்குதான் முக்கியம். முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளுக்கு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். செரிமானத்துக்குத் தரும் என்சைம் மாத்திரைகள் பன்றியின் கணையத்திலிருந்து செய்யப்படுபவை. தயக்கம் இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவக் குழுவிடம் பேசுங்கள். இதே நோயுள்ள இன்னொரு பிள்ளையை ஆறுதலுக்காகக்கூட நேரில் சந்திக்க வைக்க வேண்டாம். ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி மற்றவருக்குத் தொற்றும். பெற்றோர்கள் மட்டும் பேசிக்கொள்ளுங்கள், தொலைபேசி போதும்.